கருக்காக்குறிச்சிப் பொன்னும் கிளியோபாத்ராவின் கடனும்

எகிப்து தேசம் ரோமாபுரிக்கு அடிமைப்பட்ட கதையை அறியாதவர்கள் நம் வீடுகளில் அரியர். கிளியோபாத்ரா என்று பெயரை மட்டும் சொன்னால் போதும்; நாடகம் பார்த்தவர்களும் சினிமா பார்த்தவர்களும் மிச்சத்தைத் தாமே சொல்லி முடித்துவிடுவார்கள். அழகிய ராணி ஒருத்தி, அவளிடம் மதி மயங்கிய ரோமானிய வீரர்கள் இருவர், ஒரு கடற்போர், ஒரு நாகப் பாம்பு, திரை விழுந்துவிடும். பாஸ்கல் என்ற பிரெஞ்சுப் பேரறிஞர் கூட அந்த ராணியின் மூக்கு நீளத்தில் உலக சரித்திரம் முழுவதையும் தொங்கவிட்டுப் பார்த்தார். பேரறிஞர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்ல. மூவாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஒரு ராஜ்யம் கி. மு. 30-ல் அஸ்தமித்தது உண்மை. ஆனால் அது விழுந்தது போர்க்களத்திலும் அன்று, பள்ளியறையிலும் அன்று. அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கடன் பத்திரத்தில் விழுந்துவிட்டது. ராணியின் பிணத்தைக் காட்டியது பிற்பாடு நடந்த சடங்கு.

வல்லத்திராக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நைல் நதியைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் உள்ள செம்மண் பூமி நம்முடையது. இந்தச் சீமையில் எந்த வாத்தியாரும் எகிப்தைப் பற்றிப் பேசுவதற்கு ஐந்நூற்றொரு காரணங்கள் இருக்கின்றன. அத்தனையும் பொன்னால் ஆனவை.

1898-ம் ஆண்டில், அப்போது ஆலங்குடித் தாலூகாவைச் சேர்ந்திருந்த கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் அகப்பட்டது. உள்ளே இருந்தவை 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலம் முதல் வெஸ்பாஸியன் காலம் வரையில், அதாவது சுமார் நூறு ஆண்டுகளில் அடிக்கப்பட்டவை. டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்ற மூவரின் தலைகளே அவற்றில் மிகுதி. பிரிட்டிஷ் மியூஸியத்து நாணய அறிஞர் ஹில் என்பவர் அதே ஆண்டில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். சமஸ்தானத்து மண்ணில் கிடைத்த காசுகளில் ஒரு பகுதி இன்று லண்டனில் இருக்கிறது.

ஐந்நூற்றொரு காசு என்றால் எவ்வளவு? ரோமானியர் அந்தக் காசை ஆரியஸ் என்பார்கள். ஒவ்வொன்றும் ஏழரை கிராமுக்கு முன்பின்னாக இருக்கும். நம் பெண்மணிகளுக்குத் தெரிந்த கணக்கில் பவுனுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் நாலு கிலோவை நெருங்கிய தங்கம். ரோமானியப் படையில் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு அக்காலத்தில் வருஷச் சம்பளம் 225 வெள்ளி தினாரி, அதாவது ஒன்பது ஆரியஸ். கருக்காக்குறிச்சிப் புதையல் அப்படிப்பட்ட ஒரு சிப்பாய்க்கு ஐம்பத்தைந்து ஆண்டுச் சம்பளம். எந்தச் சிப்பாயும் அத்தனை ஆண்டு சேவகம் செய்ததில்லை.

இந்தக் கணக்கை ஒரு முறை வகுப்பில் போட்டுக் காட்டியபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ரோமாபுரி ராஜா காசு நம்ம ஊருக்கு ஏன் ஸார் வந்தது? அவன் இங்கே சண்டைக்கு வந்தானா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சண்டைக்கு வரவில்லை, மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக வந்தது. ஆனால் அந்தக் காசு கப்பலேறியது ரோமில் அல்ல. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களில். எகிப்து ரோமானியர் கைக்குப் போகாதிருந்தால் அந்தக் காசுகள் இங்கே வந்து சேர வழியே இல்லை. ஆகவே பையனுக்கு விடை சொல்ல வேண்டுமானால் எகிப்தின் கணக்கைத்தான் புரட்டியாக வேண்டும்.

அலெக்ஸாந்தரின் சேனாபதிகளில் ஒருவனான டாலமி, கி. மு. 305-ல் எகிப்தில் அரச பட்டம் சூடிக்கொண்டான். அவன் வம்சம் சுமார் 275 ஆண்டுகள் ஆண்டது. கிரேக்க வம்சம், பெயர் எல்லோருக்கும் டாலமி, ராணிகளுக்குப் பெரும்பாலும் கிளியோபாத்ரா அல்லது பெரனிகே. நம் கதாநாயகி அந்தப் பெயரில் ஏழாவது. பரீக்ஷைக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்த வம்சத்தைச் சபிப்பதில் நியாயம் உண்டு.

ரோமாபுரி முதலில் எகிப்துக்குச் சத்துருவாக வரவில்லை. காப்பாற்றும் கையாக வந்தது. கி. மு. 168-ல் சிரியா அரசன் ஆண்டியோகஸ் பெரும் படையுடன் அலெக்ஸாந்திரியாவின் எல்லைக்கே வந்துவிட்டான். அப்போது பொப்பிலியஸ் என்ற ரோமானியத் தூதர் கைத்தடியுடன் எதிரே வந்தார். வேறு படை ஏதும் கூட வரவில்லை. செனட் சபையின் கட்டளைக் கடிதத்தை நீட்டினார். அரசன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். தூதர் கைத்தடியால் அவனைச் சுற்றி மணலில் ஒரு வட்டம் கீறி, அதை விட்டு வெளியே அடி வைக்குமுன் பதில் வேண்டும் என்றார். அரசன் பதில் சொன்னான், படை திரும்பிற்று. எகிப்து பிழைத்தது. ஆனால் அந்த வட்டத்துக்குள் நின்றவன் சிரியா அரசன் மட்டும் அல்ல என்பது டாலமிகளுக்கு உறைக்கவில்லை.

பிறகு உயில்கள் வந்தன. ஸைரீன் நாட்டை ஆண்ட ஒரு டாலமி, கி. மு. 96-ல் வாரிசின்றி இறந்தபோது நாட்டை ரோமானிய ஜனங்களுக்கு எழுதிவைத்திருந்தான். சில ஆண்டுகளில் எகிப்தையே அவ்வாறு எழுதிவைத்த உயில் ஒன்று இருப்பதாக ரோமில் பேச்சுக் கிளம்பிற்று. உயில் உண்மையோ பொய்யோ, அதை மடியில் வைத்துக்கொண்டு பேசும் அரசியல்வாதிகளுக்குப் பஞ்சமில்லை. டல்ஹௌஸி பிரபு வாரிசில்லாத சமஸ்தானங்களை எடுத்துக்கொண்ட விதத்தைப் படித்த நமக்கு இது புதிதன்று.

இந்தப் பயம் பன்னிரண்டாம் டாலமியைப் பிடித்து ஆட்டியது. கி. மு. 80-ல் பட்டத்துக்கு வந்த இவனுக்குப் புல்லாங்குழல் பைத்தியம். ஊரார் வைத்த பெயரும் குழலூதி என்பதுதான். தன்னை அரசன் என்று ரோமாபுரி ஒப்புக்கொண்டு, 'நேசரும் கூட்டாளியும்' என்ற பட்டம் கொடுத்துவிட்டால் நிம்மதியாகக் குழல் ஊதலாம் என்று நினைத்தான். கி. மு. 59-ல் பட்டம் கிடைத்தது. அதற்கு ஜூலியஸ் ஸீஸருக்கும் பாம்பேக்குமாக அவன் ஒப்புக்கொண்ட விலை சுமார் ஆறாயிரம் டாலந்து. ஒரு டாலந்து என்பது ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. அந்தச் சமயத்தில் எகிப்துக்குப் போய் வந்த டியோடோரஸ் என்ற ஆசிரியர், அரசனுடைய வருஷ வருமானமே ஆறாயிரம் டாலந்துக்குச் சற்று மேல் என்று குறித்திருக்கிறார். ஒரு பட்டத்துக்கு ஒரு வருஷ வருமானம்!

கையில் அவ்வளவு பணம் ஏது? ரோமானிய லேவாதேவிக்காரர்களிடமே கடன் வாங்கி ரோமானியத் தலைவர்களுக்குக் கொடுத்தான். பணம் ரோமை விட்டு நகரவே இல்லை. பத்திரம் மட்டும் எகிப்தின் தலையில் ஏறிற்று. அடுத்த ஆண்டே அவன் தம்பி ஆண்ட ஸைப்ரஸ் தீவை ரோமானியர் எடுத்துக்கொண்டார்கள். தம்பி விஷம் குடித்து இறந்தான். அண்ணன் வாய் திறக்கவில்லை. அலெக்ஸாந்திரியாவின் ஜனங்கள் பொறுக்கமாட்டாமல் அவனை ஊரை விட்டே துரத்தினார்கள். அவன் ரோமுக்கு ஓடி மேலும் கடன் வாங்கினான். கடன்காரன் செத்துப்போனால் வட்டியும் போய்விடுமே என்று கடன் கொடுத்தவர்களே அவனை அரியணையில் ஏற்றப் பாடுபட்டார்கள். கி. மு. 55-ல் சிரியாவின் ரோமானிய கவர்னர் கபீனியஸ், பதினாயிரம் டாலந்து பேசிக்கொண்டு படையுடன் வந்து அவனை மறுபடியும் பட்டத்தில் உட்கார வைத்தார். அந்தக் குதிரைப்படைக்குத் தலைவனாக வந்த இளைஞன் பெயர் மார்க் அந்தோணி.

இனி வருவதுதான் நாம் சொல்ல வந்த இடம். கடனை வசூலிக்க வேண்டும் அல்லவா? பெரிய கடன்காரர்களில் ஒருவனான ரபீரியஸ் என்ற ரோமானியன் எகிப்தின் நிதி மந்திரியாக நியமனம் பெற்றான். தானியக் களஞ்சியம், சுங்கம், வரி எல்லாம் அவன் கையில். கபீனியஸ் கொண்டுவந்த படையில் ஒரு பகுதியும் அரசனுக்குப் 'பாதுகாப்பாக' அங்கேயே தங்கிவிட்டது. அரசன் குழல் ஊதினான். ஒரு ராஜ்யத்தின் வருமானமும் படையும் அந்நியன் கைக்குப் போன பிறகு அங்கே விழுவதற்கு இன்னும் என்ன மிச்சம்? கிளியோபாத்ராவுக்கு அப்போது வயது பதினான்கு.

ரபீரியஸ் என்ற பெயரை அடித்துவிட்டுப் பால் பென்ஃபீல்டு என்று எழுதுங்கள். குழலூதி டாலமியை அடித்துவிட்டு ஆற்காட்டு நவாப் முகம்மது அலி என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் மாற்ற வேண்டாம். கம்பெனியின் ஸைன்யத்தால் பட்டத்தைக் காத்துக்கொண்ட நவாப், அந்த ஸைன்யச் செலவுக்குக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே வட்டிக்கு வாங்கி, கர்நாடகத்துக் கிராமங்களின் வரி வசூலையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். விதைத்தவன் வீட்டு நெல், களத்திலிருந்தே சென்னைத் துரைமார்களுக்குப் போயிற்று. 1785-ல் எட்மண்டு பர்க் பார்லிமெண்டில் நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்து இதைச் சந்தியில் நிறுத்தினார். கடன் செல்லும் என்றே தீர்ந்தது. 1801-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமாயிற்று. அப்போது கோட்டை எதுவும் முற்றுகையிடப்படவில்லை. ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து, அவ்வளவே.

நம் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் அதே கம்பெனிக்கு நேசராக இருந்ததுதான். ஆனால் தொண்டைமான் மன்னர்கள் கப்பம் கட்டவில்லை. 1803-ல் கீழாநிலைக் கோட்டையைக் கம்பெனி கொடுத்தபோது வருஷத்துக்கு ஒரு யானை தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டது. அந்த யானையை அது கேட்டு வாங்கவும் இல்லை, 1836-ல் அதையும் தள்ளுபடி செய்துவிட்டது. 1948 மார்ச் 3-ல் இந்திய யூனியனோடு கலக்கும் வரை சமஸ்தானம் இருந்தது. அம்மன் காசு என்ற தன் சொந்தச் செப்புக் காசையும் வைத்திருந்தது. நேசத்தின் விலை ஆளுக்கு ஆள் வேறுபட்டிருக்கிறது. இந்த நேசத்துக்காகப் பக்கத்துப் பாளையங்கள் என்ன விலை கொடுத்தன என்பது வேறு கதை. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

எகிப்துக்குத் திரும்புவோம். குழலூதி கி. மு. 51-ல் இறந்தான். பதினெட்டு வயதுப் பெண்ணும் அவளுடைய சின்னத் தம்பியும் சேர்ந்து ஆள வேண்டும் என்றும், ரோமானிய ஜனங்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் உயில் எழுதி வைத்தான். கடனையும் வைத்துவிட்டுப் போனான். கி. மு. 48-ல் ஜூலியஸ் ஸீஸர் அலெக்ஸாந்திரியாவில் வந்து இறங்கியது, பாம்பேயைத் துரத்திக்கொண்டு. தங்கிய காரணங்களில் ஒன்று வசூல். பாக்கி ஒன்றே முக்கால் கோடி திராக்மா. அதில் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுத்து ஒரு கோடியைக் கட்டச் சொன்னான் என்று புளூடார்க் எழுதுகிறார். கம்பளிக்குள் சுருண்டு ராணி வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஸீஸரின் கையில் பாக்கிச் சீட்டு இருந்ததை யாரும் சொல்வதில்லை.

அந்த ராணிக்கு நாம் நியாயம் செய்ய வேண்டும். தன் வம்சத்திலேயே குடிகளின் எகிப்திய பாஷையைக் கற்றுக்கொண்ட முதல் அரசர் அவள்தான் என்பார்கள். சூழ்ந்திருந்த ரோமானியரில் எவன் வல்லவனோ அவனோடு சேர்ந்துகொண்டு, இழந்த ஸைப்ரஸையும் இன்னும் சில பிரதேசங்களையும் திரும்பப் பெற்று, இருபத்தொரு ஆண்டு அந்த அரியணையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தகப்பனும் பாட்டனும் தொலைத்ததைச் சூதாட்டத்தில் மீட்கப் பார்த்தவள் என்று சொல்லலாம். ஆனால் பகடை ரோமானியருடையது. கொடுத்ததெல்லாம் அந்தோணி கொடுத்தது. அவன் சாய்ந்தால் எல்லாம் சாயும்.

கி. மு. 32-ல் ரோமாபுரி போர்ப் பிரகடனம் செய்தது அந்தோணியின் மேல் அல்ல, கிளியோபாத்ராவின் மேல். சொந்த ஜனங்களைக் கொல்லும் போருக்கு ஓர் அந்நியப் பெண்ணின் பெயரைச் சூட்டிவிட்டால் நாக்குக் கூசாது. மறு ஆண்டு செப்டம்பரில் ஆக்டியம் கடற்போர். கி. மு. 30 ஆகஸ்டு முதல் தேதி அலெக்ஸாந்திரியா வீழ்ந்தது. அந்தோணி வாளில் விழுந்தான். சில நாளில் ராணியும் இறந்தாள்.

இதற்கு நடுவே நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. சினிமாவில் அது வராது. தோல்வி நிச்சயமானதும் ராணி தன் கப்பல்களைத் தரைமேல் இழுத்துச் செங்கடலில் இறக்க முயன்றாள். அராபியர் அவற்றைக் கொளுத்திவிட்டார்கள். பிறகு ஸீஸருக்குப் பிறந்த மகனான ஸீஸரியனை, பதினேழு வயதுப் பையனை, மிகுந்த திரவியத்துடன் தெற்கே எதியோப்பியா வழியாக அனுப்பினாள். எங்கே போய்ச் சேரும்படி? இந்தியாவுக்கு. புளூடார்க் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். அவன் செங்கடல் துறை ஒன்றில் கப்பலேறி, ஆடிக் காற்றில் பாய் விரித்திருந்தால் நம் கரையில் எங்கேயாவது இறங்கியிருக்கலாம். கூட இருந்த வாத்தியார், ரோடான் என்று பெயர், 'திரும்பி வா, உனக்கே ராஜ்யம் கொடுப்பார்கள்' என்று பையனுக்குப் புத்தி சொன்னார். பையன் திரும்பினான். ஸீஸர் என்ற பெயருடன் இரண்டு பேர் இருத்தல் ஆகாது என்று ஓர் அறிஞர் அக்டேவியன் காதில் ஓதினார், பையனைக் கொன்றார்கள். வாத்தியார் தொழிலில் இருக்கும் நாம் இந்த ரோடானை மன்னிப்பதாக இல்லை.

அக்டேவியனுக்கும் கடன் இருந்தது. போரில் உழைத்த பல்லாயிரம் சிப்பாய்களுக்கு நிலமும் பணமும் தருவதாக வாக்களித்திருந்தான். எகிப்தின் பொக்கிஷம் அதை அடைத்தது. அந்தப் பணம் வந்து குவிந்ததில் ரோமில் நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்த வட்டி நாலாக இறங்கிற்று என்று டியோ எழுதுகிறார். எகிப்தை மற்ற மாகாணங்களைப் போல் விடவில்லை. சக்கரவர்த்தியின் நேர்ப் பார்வையில் ஒரு கவர்னர். செனட் சபை அங்கத்தினர் அவன் அனுமதியின்றி அந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது. முதலை உருவம் பொறித்து, எகிப்து பிடிபட்டது என்று எழுதிக் காசும் அடித்தான். அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்ற பின், கி. மு. 8-ல் ஒரு மாதத்துக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்டான். எகிப்தை அடிமை கொண்ட மாதம் இது ஆகையால் இந்தப் பெயர் என்று செனட் தீர்மானத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆகஸ்டு பதினைந்தில் கொடியேற்றும் பள்ளிக்கூடங்கள் இதை அறிந்து வைத்திருக்கலாம்: ஒரு நாட்டின் சுதந்திரம் போனதைக் கொண்டாட எழுந்த பெயருள்ள மாதத்தில்தான் 1947-ல் நம் சுதந்திரம் வந்தது.

இனிக் கடைசி வரிசைப் பையனுக்கு விடை. டாலமிகள் காலத்தில் இருபது கப்பல் கூடச் செங்கடலைத் தாண்டத் துணியவில்லை என்று ஸ்டிராபோ எழுதுகிறார். எகிப்து விழுந்து ஐந்தாறு ஆண்டுக்குள், புது கவர்னரோடு அங்கே சுற்றிய அவரே, மையோஸ் ஹோர்மோஸ் என்ற ஒரு துறையிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாகத் தெரிந்துகொண்டார். பாண்டிய மன்னர் அகஸ்டஸுக்குத் தூதும் பரிசும் அனுப்பினார் என்ற செய்தியும் அவர் நூலில் உண்டு. போரஸ் என்ற வேறோர் அரசன் அனுப்பியது என்று சொல்வாரும் இருந்தனர் என்றும் அவரே குறிக்கிறார். எப்படியாயினும், கதவுக்குக் காவல்காரன் மாறிவிட்டான் என்ற சேதி நம் அரசர்களுக்கு எட்டத் தாமதமாகவில்லை.

ரோமானியர் வாங்கினார்கள், வாங்கியதற்கு மேல் சுங்கமும் கண்டார்கள். கிழக்கிலிருந்து வந்த சரக்கில் நாலில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு. வியன்னாவில் உள்ள ஒரு பாபிரஸ் ஏட்டில், முசிறித் துறையோடு வியாபாரம் செய்த ஒருவரின் கடன் உடன்படிக்கை இருக்கிறது. மறுபக்கம் ஹெர்மபோல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு, ஏறக்குறைய எழுபது லட்சம் ஸெஸ்டர்ஸ். அதில் கால் பங்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். இந்த வருமானத்தை ஒரு காலத்தில் டாலமி அரசர்கள் அனுபவித்திருக்கலாம். அவர்கள் வீட்டு வாசலில்தான் அந்தக் கடல் இருந்தது. அவர்கள் கடனில் இருந்தார்கள்.

ரோமில் அங்கலாய்ப்பும் எழுந்தது. பெண்களின் ரத்தினங்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறதே என்று டைபீரியஸ் சக்கரவர்த்தி கி. பி. 22-ல் செனட்டுக்கு எழுதினார். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி ஸெஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று பிளினி கணக்குச் சொன்னார். ஒரு ஆரியஸுக்கு நூறு ஸெஸ்டர்ஸ். ஆகவே கருக்காக்குறிச்சியின் 501 காசு 50,100 ஸெஸ்டர்ஸ்; பிளினியின் ஐந்து கோடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சாம்ராஜ்யத்தின் வருஷப் புலம்பலில் ஆயிரத்தில் ஒரு பங்கை நம் ஊர் ஒன்று மண்ணுக்குள் வைத்திருந்தது.

கடல் வழி இரு தலையும் திறந்தே இருந்தது. மையோஸ் ஹோர்மோஸ் இருந்த இடத்தில், இன்றைய குஸேர் அல்-காதிமில், பானை ஓடுகளில் பழந்தமிழ் எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கிடைத்திருக்கின்றன. நம்மவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பானையில் பெயர் கீறியிருக்கிறார்கள். பெரனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சால் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. இந்தப் பக்கம், புதுக்கோட்டைக்குக் கிழக்கே நமக்கு அண்மையில் உள்ள பொற்பனைக்கோட்டையில் சங்க காலத்துக் கோட்டை ஒன்றைத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2023-ல் அகழ்ந்தபோது, சூதுபவள மணியும் சின்னஞ்சிறு தங்க மூக்குத்தியும் கிடைத்தன. பாஸ்கல் அவர்கள் மூக்கைப் பற்றிச் சொன்னதை நாம் முற்றும் தள்ளிவிடவில்லை என்பதற்கு இது சாக்ஷி.

அதே காலத்தில் எகிப்துக் குடியானவன் என்ன பெற்றான்? பதினான்கு வயதானவுடன் தலைவரி. அதைக் கட்டியதற்கு ரசீது பானை ஓட்டில் எழுதிக் கொடுத்தார்கள்; ஆயிரக்கணக்கான ஓடுகள் இன்றும் கிடைக்கின்றன. ரோமானியத் தங்கம் அவன் நாட்டின் நடுவே ஒட்டகத்தின் மேல் போயிற்று. அவன் சந்தையில் அது புழங்கவில்லை. எகிப்துக்கென்று அலெக்ஸாந்திரியாவில் தனிக் காசு அடித்து, அதை நாட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். அவன் நாட்டு நெல்லைப் போன்ற உணவான கோதுமை, ரோமாபுரிக்கு வருஷத்தில் நாலு மாதம் சோறு போட்டது.

நம் பக்கம் வந்த காசுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கருக்காக்குறிச்சிக் காசுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உளியால் வெட்டுப்பட்டவை. வெட்டு ஓரத்தில் இல்லை. சக்கரவர்த்தியின் தலையின் மேலேயே குறுக்கே விழுந்திருக்கிறது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பார் சிலர். தேய்ந்து எடை குறைந்ததை இனிக் காசாகச் செலாவணியாகாதபடி அடையாளம் இட்டார்கள் என்பார் சிலர். அந்நியன் முத்திரை இங்கே செல்லாது என்று காட்டினார்கள் என்பாரும் உண்டு. நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார். மூன்றாவதை நம்ப ஆசை இருந்தாலும் இரண்டாவதற்கே மதிப்பெண் போடுகிறோம். தேய்ந்த காசுகளிலேயே வெட்டு மிகுதி.

எப்படியானாலும், எவனைக் கண்டு அலெக்ஸாந்திரியா மண்டியிட்டதோ அவன் குலத்து முகத்தை, நம் சீமையில் யாரோ ஒரு தட்டான் மரக்கட்டையின் மேல் வைத்து, உளியை நிறுத்தி, ஒரே அடியில் பிளந்துவிட்டு, அடுத்த காசை எடுத்திருக்கிறான்.